சித்தப்பா சொல்லாமல் விட்டது

அப்பா சுரங்கத்தில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா ஜெபத்தை மூன்று ஷிஃப்டாகப் பார்த்தாள். விடியற்காலையில் முழங்கால் ஜெபம், மத்தியானம் வேத வாசிப்பு, படுக்கப்போகும் முன் குடும்ப ஜெபம். அப்பாவுக்காவது வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. அம்மாவின் வேலைக்கு அதுவும் கிடையாது.

நெய்வேலியில் எங்கள் வட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். பெரும்பாலும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து குவார்ட்டர்ஸில் தங்கியவர்கள். அவர்களுக்குள் யார் வீட்டுப் பிள்ளை ஞாயிறு பள்ளியில் அதிக வசனம் சொல்கிறது என்பதில் வெளியே தெரியாத ஒரு போட்டி இருந்தது. அதில் நான்தான் முன்னால் நின்றேன். ஏழு வயதிலிருந்து வருஷம் தவறாமல் முதல் பரிசு. பரிசெல்லாம் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்களாகவே வந்தன. அம்மா அவற்றை ஹால் அலமாரியில் வருகிறவர்கள் கண்ணில் படும்படி அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றைக்கூடச் சோறு கட்ட எடுத்ததில்லை. ஆண்டவரையும் நான் அந்த மாதிரிதான் புரிந்து வைத்திருந்தேன். பிசகாமல் சொன்னால் பரிசு. பிசகினால் பரிசு அடுத்த பிள்ளைக்கு.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. ஊரில் எந்த வேலையிலும் நிலைக்காதவர். அப்பா யார் யாரையோ பார்த்துப் பேசிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்த்துவிட்டார். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளுகிற வேலை. என்றைக்காவது பெர்மனெண்ட் ஆகிவிடும் என்று அப்பா நம்பினார். சித்தப்பா நம்பியதாகத் தெரியவில்லை. சம்பளம் வாங்கிய நாளில் குடித்துவிட்டு வந்து வாசல் படியிலேயே உட்கார்ந்துகொள்வார், உள்ளே வந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவார். பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். அம்மா சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஆண்டவருக்குக் கொடுக்கும் தசமபாகம் பற்றியும் உபவாசம் பற்றியும் அவருக்கு எடுத்துச் சொல்வாள். "சரி மைனி" என்பார். அதோடு சரி.

என் தம்பிக்கு மட்டும் அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை. அவனுக்கு அப்போது நாலு வயது நிரம்பவில்லை. சித்தப்பா வேலை முடிந்து கரி படிந்த முகத்தோடு வரும்போது, குளிப்பதற்கு முன்பே அவர்மேல் ஏறி, அவருடைய கன்னத்தில் விரலால் கோடு போடுவான்.

அது கோடைகாலம். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வசனப் போட்டி. அந்த வருஷம் முழு அதிகாரம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கிருபையைப் பற்றிய அதிகாரம். அதில் எனக்கு ஒரே ஓர் இடம் வழுக்கிக்கொண்டே இருந்தது. கிருபை என்று ஒரு சொல் வரும். சற்றுத் தள்ளி கிரியை என்று ஒரு சொல் வரும். ஒன்று நாம் சம்பாதிக்காமல் சும்மா கிடைப்பது, மற்றது நாம் பாடுபட்டுச் செய்வது என்று ஞாயிறு பள்ளி டீச்சர் விளக்கியிருந்தார்கள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை, சொல் வரிசைதான் தேவைப்பட்டது. வேகமாகச் சொல்லும்போது ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்துகொள்ளும். வசனமே தலைகீழாகிவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா இரண்டாம் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் நடந்த உபவாச ஜெபத்துக்குப் போனாள். முதல் ஷிஃப்ட் முடிந்து வரும் சித்தப்பாவுக்காகக் காத்திருந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் குளித்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் தம்பியோடு விளையாடினார். பிறகு சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, பீடி வாங்கிவருவதாக என்னிடம் சொன்னார். "தம்பியக் கொஞ்சம் பாத்துக்க மக்களே, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு முன்கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். புத்தகத்தை இழுத்தான். நான் தள்ளினேன். மறுபடி இழுத்தான், பக்கத்தின் ஓரம் கிழிந்தது. நான் அவனைக் கையைப் பிடித்துத் தரதரவென்று பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய், விளையாட ஒரு கொட்டாங்கச்சியைக் கையில் கொடுத்து, வெளியே விட்டு, பின்கதவை உள்ளே தாழ் போட்டேன்.

பின்னால் ஒரு கொய்யா மரமும் துணி துவைக்கும் கல்லும் சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. குழாயில் இரண்டு வேளைதான் தண்ணீர் வரும் என்பதால் தொட்டி எப்போதும் நிரம்பியிருக்கும். அவன் உயரத்துக்குத் தொட்டி எட்டாது. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியை நான் நினைக்கவில்லை.

அவன் கதவைத் தட்டினான். அக்கா என்று கூப்பிட்டான். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சத்தமாகப் படித்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. ஒருவழியாக அடங்கினான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குத்தான் அந்த அதிகாரத்தை முதல்முறையாக ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் சொன்னேன்.

சித்தப்பா வந்தபோது கையில் பீடிக்கட்டும் தம்பிக்கு ஒரு பன்னும் இருந்தன. அவன் எங்கே என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்தாமல் பின்பக்கம் கை காட்டினேன். அவர் போய்த் தாழை நீக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சற்று நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு தண்ணீர் சொட்டச் சொட்ட அவனைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து ஓடினார். தெருவில் யாரோ ஸ்கூட்டரை எடுத்தார்கள். ஹாலில் இருந்து வாசல்வரைக்கும் தரையில் தண்ணீர் கிடந்தது. நான் துணி எடுத்து அதைத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியாது. அம்மா வந்தால் திட்டுவாள் என்று நினைத்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் செய்ய எதுவும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தியிருந்தபோது அப்பா எல்லோர் முன்னாலும் சித்தப்பாவைக் கேட்டார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்ன நடந்தது என்று கேட்ட அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே இல்லை.

"நாந்தாண்ணே அவனப் பின்னால விட்டுட்டு, கதவப் போட்டுட்டு, கடைக்குப் போயிட்டேன்" என்றார் சித்தப்பா.

குடித்திருந்தாயா என்று யாரோ கேட்டார்கள். அவர் அன்று குடிக்கவில்லை. எனக்குத் தெரியும், என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஆனாலும் அவர் இல்லையென்று சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அவரை அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடித்து இழுக்கும்வரை அடித்தார். அத்தனை அடியிலும் சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் அவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு, ஞாபகம் வந்து சொல்லிவிடுவார் என்று பயந்தேன். தம்பியை அடக்கம்பண்ணி மூன்றாம் நாள் அப்பா அவருடைய பையைத் தூக்கி கேட்டுக்கு வெளியே வைத்தார். அவர் அதை எடுத்துக்கொண்டு, மரங்களுக்கு நடுவே நேராகப் போகும் அந்த நீளமான ரோட்டில் நடந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தேன். இனி சொல்ல ஆள் இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் பட்ட நிம்மதிகளிலெல்லாம் அதை நினைக்கத்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மனிதர்களுக்குத் தெரியாது, சரி. ஆண்டவருக்குத் தெரியுமே. அவர் என்னை என்ன செய்வார் என்ற யோசனையிலேயே அந்தக் கோடை போனது. அதன் முடிவில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மாவிடம் பார்த்துப் பழகிய வழிதான். வேலை செய்வது.

காலைப் பலகாரத்தை விட்டேன். அம்மா தட்டில் வைத்துவிட்டு, தம்பி போனபின் புதிதாகச் சேர்த்துக்கொண்ட காலை ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் இட்லியைக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் வைத்து, பள்ளிக்கூடம் போகும் வழியில் நாய்க்குப் போட்டேன். வெறுந்தரையில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். பாய் போட்டுக்கொண்டால் செல்லாது என்று நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். வேதப்புத்தகத்திலேயே மிக நீளமான சங்கீதத்தை எடுத்து மனப்பாடம் பண்ணத் தொடங்கினேன். நூற்றெழுபத்தாறு வசனம். அதை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தப்பும் இல்லாமல் சொல்லி முடித்தால் என்னை விட்டுவிட வேண்டும் என்று ஆண்டவரிடம் பேசி வைத்தேன். ஒரு சொல் தவறினாலும் முதல் வசனத்திலிருந்து மறுபடி. எண்பதைத் தாண்டுவேன், தொண்ணூறைத் தாண்டுவேன். அங்கே எங்கேயாவது பின்கதவு தட்டும் சத்தம் கேட்டதுபோல இருக்கும். சொல் தவறிவிடும்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்தேன். ரத்தம் இல்லை என்று டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்தார். அம்மா முருங்கைக்கீரையாகச் சமைத்துப் போட்டாள். தம்பியை நினைத்து ஏங்குகிறேன் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த இரக்கமும் எனக்கு உரியதல்ல என்று அதற்கும் சேர்த்து ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்தேன்.

ஏறக்குறைய ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. அதற்கிடையில் சித்தப்பாவைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. குடும்ப ஜெபத்தில் ஊரிலிருக்கிற சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் சொல்லி ஜெபிக்கும் அப்பா, அவர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு மேலே போவார்.

ஒரு நாள் மாலை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கேட்டுக்கு வெளியே ஓர் அம்மாள் நின்றிருந்தாள். விரல்களெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களுக்கு அதன் எண்ணெய் பட்டு விரல் அப்படி ஆகும். குள்ளஞ்சாவடியிலிருந்து பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னாள். அம்மா வெளியே வந்ததும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"உங்க வூட்டுக்காரரோட தம்பின்னு ஒருத்தரு, முந்திரி மூட்ட தூக்கிக்கினு இருந்தாருங்க. ரெண்டு மாசமா எங்க கொட்டாயிலதான் படுத்துக்கினு கெடக்குறாரு. வயிறு வீங்கிப் போச்சிங்க. ரத்தமா வாந்தி எடுக்குறாரு. யாருக்கும் சொல்லாதன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

அம்மா அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். உள்ளே உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போகக்கூடாது என்றார். அந்தக் குடிகாரன் காலடி இந்த வீட்டில் படக்கூடாது என்றார். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அன்றும் பேசவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, அந்த அம்மாளோடேயே கிளம்பிப் போய்விட்டாள். குடும்ப ஜெபத்துக்கு அவள் வீட்டில் இல்லாமல் போனது அதுவே முதல் தடவை.

அம்மா சித்தப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்துவிட்டு, ஈரல் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா அவரை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தாள். ஆட்டோவிலிருந்து இறக்கியபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் பானை மாதிரி. கண்ணும் தோலும் மஞ்சள். ஹாலில் டிபன் பாக்ஸ் அலமாரிக்குக் கீழே கட்டில் போட்டார்கள். அப்பா தன் பாயை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்தார்.

அம்மா அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். உடம்பு துடைத்தாள். அவர் வாந்தி எடுத்ததை வாரிக் கொட்டினாள். விடியற்காலை ஜெபம் நின்றுபோனது, அந்த நேரத்தில்தான் அவருக்கு வலி கூடும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இரண்டு விஷயங்கள் பொறுக்கவில்லை. ஒன்று, அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்ற பயம். மற்றது சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமை. நான் ஒன்றரை வருஷமாகப் பட்டினி கிடந்து முழங்கால் காய்த்துப்போயிருக்கிறேன். இவர் ஒன்றுமே செய்யவில்லை. குடித்தார், படுத்தார். இவருக்கு அம்மாவின் மடியே கிடைத்துவிட்டது.

ஒரு நாள் போதகர் ஐயா திருவிருந்து கொடுக்க வந்தார். அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அப்பமும் திராட்சரசமும் வைத்து, சித்தப்பாவிடம் மெதுவாகப் பேசினார். பாவங்களுக்காக மனம் வருந்துகிறீர்களா, இனி புது வாழ்க்கை வாழத் தீர்மானம் பண்ணுகிறீர்களா என்று முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "வருத்தம் இருக்குய்யா. இனி நல்லவனா இருப்பேன்னு சொல்லுறதுக்கு நாள் இல்ல. தர்றதா இருந்தா சும்மா தாங்க" என்றார்.

போதகர் ஐயா அப்பத்தில் சின்னதாக ஒரு துண்டைப் பிட்டு ரசத்தில் தோய்த்து அவர் நாக்கில் வைத்தார். அவரால் விழுங்க முடியவில்லை. அம்மா தொண்டையைத் தடவிவிட்டாள்.

நான் கதவோரம் நின்று கொதித்துப்போனேன். எனக்குத் திருவிருந்து எடுக்க இன்னும் வருஷங்கள் இருந்தன. அதற்கு வகுப்புக்குப் போக வேண்டும், கேள்வி பதில் படிக்க வேண்டும், வசனம் ஒப்பிக்க வேண்டும். ஆராதனையில் தூங்குகிறவருக்குப் படுத்த இடத்திலேயே கொண்டுவந்து வாயில் வைக்கிறார்கள். உள் அறை வாசலில் அப்பாவும் நின்றிருந்தார். அவர் முகத்திலும் அதே கொதிப்புதான் இருந்தது என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அது கொதிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு மாலை, அம்மா மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அவரும்தான். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அப்பாவிடம் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். எதை என்று கேட்டார்.

"பின்கதவ நான் போட்டத."

அவர் என்னைப் பார்த்தார். அந்த மஞ்சள் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"நீ போடல மக்களே. நான் போட்டேன்."

இல்லை, நான்தான் என்றேன். அழுகை வந்துவிட்டது. புத்தகம் கிழிந்தது, அவன் தட்டியது, நான் காதைப் பொத்திக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டு ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கையை நகர்த்தி என் விரலைப் பிடித்தார்.

"உங்கம்மா என்ன நம்பி விட்டுட்டுப்போன பிள்ள அவன். நான் பீடிக்குப் போனேன். நாந்தான் போட்டேன். ஊரே அப்படித்தான சொல்லுது. யாரு கேட்டாலும் நீ அதையே சொல்லு. உன் மனசு கேட்டாலும் அதையே சொல்லு."

பிறகு ஏன் இப்படி எலும்பும் தோலுமாகிவிட்டாய் என்று கேட்டார். நான் பட்டினியைப் பற்றியும் சங்கீதத்தைப் பற்றியும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து இருமலாக முடிந்தது.

"சோத்தத் தின்னு பிள்ள. ஆண்டவரு உன் இட்டிலியவா கேட்டாரு?"

இவருக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நோயில் புத்தி தடுமாறிவிட்டது, கதவைத் தானே போட்டதாக நிஜமாகவே நம்பிவிட்டார் என்று தோன்றியது. நல்லதாகப் போயிற்று என்றும் ஒரு பக்கம் தோன்றியது. தண்ணீர் கேட்டார். ஸ்பூனால் கொடுத்தேன். பாதி வழிந்துவிட்டது.

இரண்டாம் நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவர் இறந்துபோனார். நான் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்கள். அப்பாவின் வேட்டி. அப்பாதான் எடுத்துக்கொடுத்தாராம். பெட்டியைத் தூக்கும்போது அப்பா முன்னால் போய்த் தோள் கொடுத்தார். கல்லறைத்தோட்டத்தில் தம்பியின் குழிக்குப் பக்கத்தில் இடம் இல்லை, இரண்டு வரிசை தள்ளித்தான் வைக்க முடிந்தது. குள்ளஞ்சாவடி அம்மாளும் வந்திருந்தாள். மண் போடச் சொன்னபோது, எங்கள் முறை அவளுக்குத் தெரியாததால் ஒரு பிடி மண்ணோடு ஒரு ரூபாய்க் காசையும் சேர்த்துப் போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் அம்மா அந்தக் கட்டிலை வெளியே போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் போய் அவளுக்குப் பின்னால் நின்று சொல்லிவிட்டேன். சித்தப்பா தாழ் போடவில்லை, நான்தான் போட்டேன் என்று.

அம்மா கழுவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

அவள் குழாயை அடைத்துவிட்டுத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனபோது பார்த்தாளாம். கதவின் வெளிப்பக்கத்தில் சேற்றுக் கைகள். சின்னக் கைகள், நிறைய. முன்வாசல் வழியாகப் போன சித்தப்பா பின்கதவை உள்ளே தாழ் போட்டு, பிள்ளையை வெளியே விட்டுவிட்டுப் போக நியாயமில்லை, உள்ளே நான் இருக்கும்போது. அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அப்பா பார்ப்பதற்குள் ஈரத்துணியால் கதவைத் துடைத்துவிட்டாளாம்.

"அப்புறம் ஹாலுக்கு வந்தா அவரு தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு நிக்குறாரு. நான் வாயத் தொறக்கல. அவர அனுப்பிட்டு உன்ன வச்சுக்கிட்டேன். அத்தன ஜெபம் பண்ணுனவதான் நான்."

அம்மா அழவில்லை. அவள் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் சித்தப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னாள்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கஞ்சி இருக்கா மைனின்னு கேட்டாரு. அவ்வளவுதான். நானும் ஊத்திக் குடுத்தேன்."

நான் காத்துக்கொண்டு நின்றேன். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்தால் நல்லது என்றுகூட வேண்டிக்கொண்டேன். அப்பா அன்று சித்தப்பாவை அடித்த மாதிரி அடித்தால் எல்லாம் முடிந்துவிடும், சங்கீதம் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்காது. அம்மா எழுந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். என் தலை கலைந்திருக்கிறது என்று பிடித்து உட்காரவைத்துச் சீவிவிட்டாள். அடி எப்போது என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. ஒருவேளை, அம்மாவுக்கு என்னைத் தண்டிக்கும் அளவுக்குக்கூடத் தம்பிமேல் பிரியம் இல்லையோ என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அப்பாவுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்ததா என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரத்திலிருந்து குடும்ப ஜெபத்தில் மூச்சு நிறுத்தும் இடத்தில் சித்தப்பாவின் பெயரைச் சொன்னார்.

எனக்கு இப்போது முப்பது வயது ஆகப்போகிறது. அந்த அதிகாரத்தில் எங்கே கிருபை, எங்கே கிரியை என்று இப்போது தடுமாறுவதில்லை. ஒரு குடிகாரரும், அவர் காலைப் பிடித்த என் அம்மாவும் அதை என் கண்முன்னாலேயே, அந்த ஹாலிலேயே எனக்கு நடத்திக்காட்டினார்கள். ஆனால் பதினோரு வயதுப் பிள்ளை அதைக் காணவில்லை. அவள் கண்டதெல்லாம் இரண்டு பெரியவர்கள் சட்டம் தெரியாமல் நடந்துகொள்கிறார்கள் என்பதுதான்.

கட்டிலைக் கழுவியதற்கு மறுநாள் காலையில் அம்மா ஜெபத்துக்கு உட்காரவில்லை. இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, சட்னி ஊற்றி, எனக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். காகிதத்தில் சுருட்ட வழியில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் தின்றேன். ஒன்றரை வருஷம் கழித்துக் காலையில் தொண்டையில் இறங்கிய அந்த இட்லி அவ்வளவு ருசியாக இருந்தது. இதற்கு ஈடாக அடுத்த இரண்டு நாளும் முழுப் பட்டினி கிடந்துவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் தின்றேன்.